சாவி ஓட்டையில் ஒரு குளவி

கொஞ்சம் இருங்க தம்பி, அந்த டிரில்லைக் கீழ வைங்க. வெச்சாச்சா? சரி, இப்ப அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. அது இல்ல, அதுக்கு ஒரு கால் ஆடும், ஜன்னல் பக்கம் இருக்கறதை எடுங்க. என் பொண்ணு வரச் சொன்னா, வந்தீங்க, தப்பில்ல. அம்மாவோட பீரோ, சாவி தொலைஞ்சு போச்சு, பூட்டை எடுத்துட்டுத் திறந்து குடுங்கன்னு சொல்லியிருப்பா. அதுவும் தப்பில்ல. ஒண்ணே ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டா. அந்தச் சாவி ஓட்டையில ஆள் குடியிருக்கு.

எழுந்துக்காதீங்க, எழுந்துக்காதீங்க. ஆள்னா குளவி. கொட்டாது. அதாவது, கொட்டற வயசு இன்னும் வரல. ஓட்டையை அடைச்சுகிட்டு ஒரு மண்ணு இருக்குல்ல, பட்டாணி அளவுக்கு? அது அழுக்கு இல்ல, கதவு. அம்மாக் குளவி நாலஞ்சு பச்சைப் புழுவைக் கொட்டி மயக்கி, சாகடிக்காம, உயிரோட கொண்டாந்து உள்ள அடுக்கும். செத்தா கெட்டுப் போயிடுமில்ல, அதுக்காக. ஒரே ஒரு முட்டை வெக்கும். அப்புறம் ஈரமண்ணை வாயால உருண்டை உருண்டையாக் கொண்டாந்து அப்பி மூடிட்டு அதுபாட்டுக்குப் போயிடும். வீடு பாத்து, சாமான் வாங்கிப் போட்டு, பிள்ளையை உள்ள வெச்சுச் சாத்திட்டுப் போனா போனதுதான். திரும்பி வந்து சாப்ட்டியான்னு ஒரு வார்த்தை கேக்காது. பிள்ளையும் அம்மாவைக் குறை சொல்லாது. நல்ல குடும்பம்.

என்ன குனிஞ்சு பாக்கறீங்க? மேல கோடு கோடா இருக்கா? மண்ணு காயும்போது அப்படித்தான் ஆகும். எல்லா மண்ணும் அப்படித்தான். நீங்க உக்காருங்க, அடுப்புல டீ கொதிக்குது.

எவ்வளவு நாளாச்சா? ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம், ஒரு மாசம்.

ரெண்டு வருஷமா ஒரு பூச்சி ஓட்டைக்குள்ளயே கெடக்குமான்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். பூட்டு வேலை பாக்கற நீங்க கேக்கறீங்க, என் பொண்ணு கேக்கல பாருங்க. சிலது தூங்கும் தம்பி. வெளிய காலம் சரியில்லன்னா உள்ளயே படுத்துக்கும். மாசக்கணக்கா, சிலது வருஷக்கணக்கா. இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. எங்க ஆராய்ச்சி நிலையத்துல டைரக்டரா இருந்தவர் பத்தொம்பது வருஷம் தூங்கினார், முழுச் சம்பளத்தோட. குறட்டைன்னுதான் நாங்க அவருக்குப் பேர் வெச்சிருந்தோம். அவரைப் பத்திப் பின்னாடி சொல்றேன். அவர் இல்லாம இந்த பீரோ விஷயம் புரியாது.

நான் என்ன வேலை பாத்தேனா? குளவிக்குப் பேர் வெக்கிற வேலை. சிரிக்காதீங்க, நாப்பத்தியொரு வருஷம் பாத்திருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி என் மாமனார் இதே கேள்வியைத்தான் கேட்டார். இதே பதிலைத்தான் சொன்னேன். அவர், பேர் வெச்சாக் கூப்ட்டா வருமான்னார். வராதுங்கன்னேன். அப்புறம் எதுக்குன்னார். ஆனா பொண்ணைக் குடுத்துட்டார், நல்ல மனுஷன்.

வேலைன்னா இதுதான். பூச்சியைப் பிடிக்கணும், ஊசியில குத்திக் காய வெக்கணும், மைக்ரோஸ்கோப்புல வெச்சு ரெக்கையில நரம்பு எப்படி ஓடுது, கால்ல எத்தனை முடின்னு எண்ணணும். இது ஏற்கெனவே பேர் வெச்ச இனமா, புது இனமான்னு தேடணும். புதுசுன்னா எழுதி அச்சுல போடணும். அச்சுல வந்தா பேர் நிக்கும். இன்னொரு பக்கம் அது எங்க குடியிருக்கு, எந்தப் புழுவைத் திங்குது, அதை எது திங்குதுன்னு பாக்கற வேலை. அதுக்கு மூங்கில் குழாயைக் கத்தையாக் கட்டி மரத்துல தொங்கவிடுவோம், குளவி வந்து குடியேறும்னு. ஒரு வருஷம் ஆத்தங்கரை நெடுக அறுநூறு குழாய் தொங்கவிட்டேன். பதினேழுலதான் குடி வந்துச்சு. மீதியில எறும்பு. ஆனா என் வீட்ல பாருங்க, ரேடியோ பின்னாடி ஓட்டை, குழாய் வாய், மூடி இல்லாத பேனா, ஒண்ணு விடாது. என் பொஞ்சாதி சொல்லுவா, நீங்க தேடிப் போற எடத்துல அதுங்க இல்ல, அதுங்க உங்களைத் தேடி இங்க வந்துட்டு நீங்க இல்லன்னு போயிடுதுங்கன்னு.

அவளும் எங்க நிலையத்துலதான் வேலை பாத்தா. படம் வரையறவ. போட்டோ எடுக்கலாமேன்னு கேப்பீங்க. போட்டோ எல்லாத்தையும் காட்டும், எதைப் பாக்கணும்னு சொல்லாது. நல்லா வரையறவங்க சொல்லுவாங்க. வேலைக்குச் சேந்த மூணாவது நாள் என் டேபிளுக்கு வந்து நின்னா. சார், பின்னங்கால்ல பதினோரு முள்ளுன்னு எழுதியிருக்கீங்க, நான் பன்னெண்டு பாத்தேன், எதை வரையட்டும்னா. நான் அப்பவே ஆறு வருஷ அனுபவசாலி. நீங்க சரியா எண்ணலைன்னேன். சரி சார்னு போயிட்டா. அவ போனதும் நான் கதவைச் சாத்திட்டு மூணு தடவை எண்ணினேன். பன்னெண்டுதான். அடுத்த வருஷம் கல்யாணம். வேற என்ன செய்யச் சொல்றீங்க, அப்படி ஒரு ஆளை வெளிய விட்டு வெக்க முடியுமா.

இந்தாங்க டீ. சக்கரை கம்மி. என் டாக்டருக்கு நீங்களும் நோயாளின்னு நெனச்சுக் குடிங்க.

இன்னொண்ணு சொல்லணும், லேபிள். இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. பூச்சி குத்தின ஊசியிலயே கீழ ஒரு துண்டுக் காகிதம் இருக்கும், என் சுண்டுவிரல் நகம் அளவு. அதுல மூணு வரி. எங்க பிடிச்சது, எந்தத் தேதி, யார் பிடிச்சது. அந்த மூணும் இல்லன்னா பூச்சி வெறும் குப்பை. தங்கத்துல ரெக்கை இருந்தாலும் குப்பைதான். இன்னொரு சட்டம், ஒரு தடவை எழுதின லேபிளை எவனும் கழட்டக் கூடாது. தப்பா எழுதியிருந்தாலும் சரி. திருத்தணும்னா கீழ வேற லேபிள் குத்தலாமே தவிர பழசு அப்படியே இருக்கணும். நூறு வருஷம் கழிச்சு வர்றவன் பாத்தாலும், இன்னார் பிடிச்சதுன்னு இருக்கும்.

என் பொஞ்சாதிக்கு வலையெல்லாம் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு போஸ்ட் கார்டு. ஜன்னல்ல குளவி உக்காந்தா டம்ளரைக் கவுத்துவா, கார்டைச் சொருகுவா, முடிஞ்சுது. என் கலெக்‌ஷன்ல மூணுல ஒண்ணு அவ பிடிச்சது. லேபிளும் அவதான் எழுதுவா, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. ஆனா மூணாவது வரியில என் பேரைத்தான் எழுதுவா. ஏன்னா, என் பேரு ரெண்டெழுத்து, அவ பேரு நீளம், அந்தத் துண்டுக் காகிதத்துல எடம் பத்தாது. அவதான் அப்படிச் சொல்லுவா. நான் என்ன சொன்னேனா? நீளமான பேருதான்னு ஒத்துக்கிட்டேன்.

இப்ப குறட்டைக்கு வர்றேன். நான் சேந்த புதுசுல எனக்கு இருந்தது ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பு. அதுல பாத்தா குளவிக்கும் கொசுவுக்கும் வித்தியாசம் தெரியாது. புதுசு வேணும்னு ஆறு தடவை எழுதிக் குடுத்தேன். ஆறையும் தலைக்கு வெச்சுப் படுத்துட்டார். அந்தச் சமயம் ஆத்தங்கரையில மூணு குளவி கெடைச்சுது. ஒல்லி ஒடம்பு, மஞ்ச மூஞ்சி, மீசை நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். மூணும் ஆண். எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத புது இனம். கூட வேலை பாக்கற ஒருத்தர் காதுல ஓதினார், யோவ், டைரக்டர் பேரை வெச்சு விடுய்யான்னு. வெச்சேன். அச்சுல வந்த மூணாவது வாரம் புது மைக்ரோஸ்கோப்பு வந்துச்சு. அந்த மைக்ரோஸ்கோப்புல முதல் முதலா அந்தக் குளவியைத்தான் பாத்தேன். மூஞ்சியைப் பாத்தா அவரை மாதிரியே இருந்துச்சு.

பதினோரு வருஷம் கழிச்சு, நாங்க குடியிருந்த குவார்ட்டர்ஸ் பின்னாடி, செங்கல் சந்துல இன்னொண்ணு. பெண் குளவி. கருகருன்னு, கொஞ்சம் பருமனா, இடுப்புல மட்டும் செக்கச் செவேல்னு ஒரு பட்டை. அதுவும் புது இனம். இந்தத் தடவை யாரையும் கேக்கல. பொஞ்சாதி பேரை வெச்சேன். முள்ளை எண்ணத் தெரிஞ்சவருக்குன்னு கீழ ஒரு வரி எழுதினேன். அச்சான பக்கத்தை அவகிட்ட நீட்டினேன், படத்தைப் பாத்தா. அவ வரைஞ்ச படம்தான். இவ்வளவு குண்டாவா இருக்கேன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஆனா அந்தப் பக்கத்தைக் கத்தரிச்சு பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினா. நீங்க திறந்தீங்கன்னா தெரியும்.

ஆமா, திறந்தீங்கன்னா.

என் பொண்ணுக்கு என்ன அவசரம்னு கேக்கறீங்களா. வர்ற வெள்ளிக்கிழமை நிலையத்துல ஒரு ஹால் திறக்கறாங்க. அவ அம்மா வரைஞ்ச படமெல்லாம் சுவர் நெடுக மாட்டப் போறாங்க. வாசல்ல ஆறடி உயரத்துக்குப் போர்டு, அவ குளவி, கீழ அவ பேரு. செத்து ரெண்டு வருஷம் நாலு மாசம் கழிச்சு எடம் பத்திடுச்சு பாருங்க. அசல் படமெல்லாம் இந்த பீரோவுக்குள்ள இருக்கு. புது டைரக்டர் வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்றார். நல்ல பையன், தூங்க மாட்டேங்கறான். நானும் உள்ள குளவி இருக்கு, ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஆராய்ச்சின்னு சொன்னா எங்க ஆளுங்க வாயை மூடிப்பாங்க. என் பொண்ணு மூட மாட்டா. அவ கண் டாக்டர்.

அது சரி தம்பி, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இந்த டிரில்லைப் போட்டா பீரோ எவ்வளவு ஆடும்? மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சா சிந்துமா?

நல்லாவே சிந்துமா. அவ்வளவு ஆடுமா.

இல்ல, சும்மாத்தான் கேட்டேன். காஞ்ச பூச்சி இருக்கு பாருங்க, அது அப்பளம் மாதிரி. பக்கத்துல தும்மினாலே மீசை உதிர்ந்துடும். கால் தனியாப் போயிடும். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் வீட்ல, மேல்வீட்டுக்காரன் சுவர்ல ஆணி அடிச்சான், கீழ இவன் பெட்டியில நாப்பது வண்டுக்குக் கால் போச்சு. பீரோவுக்குள்ள பூச்சி இருக்கான்னு கேக்காதீங்க. நான் பொதுவாச் சொல்றேன்.

பொதுவாச் சொல்ற இன்னொரு விஷயமும் இருக்கு. எங்க தொழில்ல முதல்ல வெச்ச பேருதான் நிக்கும். ஒரே பூச்சிக்கு நீங்க ஒரு பேர் வெச்சு, தெரியாம நானும் ஒரு பேர் வெச்சுட்டா, எது முதல்ல அச்சுல வந்துச்சோ அதுதான் பேரு. ஒரு நாள் முந்தினாலும் முந்தினதுதான். பின்னாடி வந்த பேரு செல்லாது, போயிடும். நல்ல பேரா, யாரு பேருன்னெல்லாம் பாக்க மாட்டாங்க. அழுதாலும் புரண்டாலும் அவ்வளவுதான். என் பக்கத்து டேபிள்காரர் ஒன்பது வண்டுக்குப் பேர் வெச்சு வெச்சிருந்தார். ஒரு நாள் காலையில தபால் வந்துச்சு, ஒன்பதும் நூறு வருஷம் முன்னாடி வேற ஒருத்தர் பேர் வெச்சதுன்னு. மனுஷன் தபாலை மடிச்சுப் பைல வெச்சுகிட்டு, டிபனைத் தின்னுட்டு, கரையான் பிரிவுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டார். அதுக்கப்புறம் எங்ககிட்ட பேசறதே இல்ல.

எங்க எழுந்துட்டீங்க? ஏன் டார்ச் அடிக்கறீங்க? அதான் சொன்னேனே, மண்ணு காயும்போது...

ம்.

நல்ல டார்ச்தான்.

ஆமா தம்பி. ரேகைதான். மண்ணு காஞ்ச கோடு இல்ல. குளவிக்குக் கட்டைவிரல் கிடையாது.

உக்காருங்க. என் பொண்ணு கண் டாக்டர்னு சொன்னேன் இல்ல, ரெண்டு வருஷத்துல மாசம் ஒரு தடவை வந்து இந்த பீரோ முன்னாடி நின்னு சண்டை போட்டுட்டுப் போறா, அவ கண்ணுக்குத் தெரியல. நிலையத்துலேர்ந்து ஒருத்தன் வந்து கேமராவுல பதினெட்டு போட்டோ எடுத்தான், குளவி மேல டாக்டர் பட்டம் வாங்கினவன், அவனுக்கும் தெரியல. உங்களுக்கு டீ ஆறறதுக்குள்ள தெரிஞ்சுடுச்சு. நீங்க எங்ககிட்ட வேலைக்கு வந்திருக்கணும்.

மொதல்ல வந்தது நிஜக் குளவிதான், அதுல பொய் இல்ல. அவ போன மூணாவது மாசம் வந்துச்சு. நான் இந்தக் கட்டில்ல உக்காந்து பாத்துகிட்டே இருந்தேன். ஒன்பது நடை மண்ணு கொண்டாந்துச்சு. அதுக்கு அந்த ஓட்டைதான் கெடைச்சுதா, எனக்கு அந்தச் சமயத்துல அப்படி ஒண்ணு தேவைப்பட்டுச்சா, தெரியல. இருபத்தாறாவது நாள் காலையில பத்து மணிக்கு மண்ணை வட்டமாக் கடிச்சுத் துளை போட்டு ஒரு ஆண் குளவி வெளிய வந்துச்சு. சாதாரண இனம், எல்லா வீட்லயும் இருக்கறது. ரெக்கையைக் காய வெச்சுட்டு ஜன்னல் வழியாப் போயிடுச்சு. நோட்டுல நேரம் எழுதினேன். எழுதி முடிக்கறதுக்குள்ள பொண்ணு போன் பண்ணினா. அப்பா, சனிக்கிழமை வர்றேன், அம்மா பீரோவை ஒழிச்சுடலாம்னு.

போனை வெச்சேன். பூந்தொட்டி மண்ணு கொஞ்சம், தண்ணி ஒரு சொட்டு. அது ஒன்பது நடை நடந்து செஞ்ச வேலையை நான் ஒரே அமுக்குல முடிச்சுட்டேன். அதுலயே தெரிஞ்சிருக்கணும், அது தொழில்காரி, நான் கள்ளன்னு. காஞ்சா உதிரும், மறுபடியும் வெப்பேன். நீங்க பாக்கறது ஏழாவது பூச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க, நான் ஒரு பீரோவைப் பட்டாணி அளவு மண்ணுல மறைச்சேன்.

சாவியா? தொலையல. அந்த அலமாரியில மேலேர்ந்து மூணாவது பெட்டியை எடுங்க. மெதுவா, கண்ணாடி மூடி. உள்ள ஓரத்துல, குளவி வரிசைக்குப் பின்னாடி ஒரு சாவி இருக்கா? லேபிளோட? பூச்சிப் பெட்டியை என்னைத் தவிர எவனும் திறக்க மாட்டான். என்ன எழுதியிருக்கேன் படிங்க. ஆமா, எங்க எடுத்தது, அவ தலையணைக்கு அடியில. எந்தத் தேதி, அதான் போட்டிருக்கேனே. யார் எடுத்தது, நான். லேபிள் இல்லாம வெக்கிற பழக்கம் எனக்கு இல்ல.

சாவி இருக்கும்போது எதுக்கு இவ்வளவு கூத்துன்னு கேக்கறீங்க. துக்கம்தான். துக்கம் இல்லாம இல்ல. அவ துணி வாசனை வரும்னு பயந்த நாளும் உண்டு. ஆனா துக்கம்னா ஆறு மாசத்துல திறந்திருப்பேன். இது வேற.

ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு மத்தியானம், நான் சாப்ட்டுகிட்டு இருக்கேன். இவ கொல்லைப்பக்கத்துலேர்ந்து டம்ளரைக் கவுத்துப் பிடிச்சபடி வர்றா, கீழ போஸ்ட் கார்டு. டம்ளரைத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. இதைப் பாருங்கன்னா. உள்ள ரெண்டு குளவி. ஒண்ணு கறுப்பா, குண்டா, செவப்பு இடுப்பு. இன்னொண்ணு அது முதுகு மேல. ஒல்லியா, மஞ்ச மூஞ்சி, வளைஞ்ச மீசை. ரெண்டும் ஒட்டிகிட்டு பிரியாம இருக்கு.

உங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. எனக்கும் ஒரு நொடியில புரிஞ்சுடுச்சு. குறட்டை குளவியும் அவ குளவியும் ரெண்டு இனம் இல்ல. ஒரே இனம். அது புருஷன், இது பொஞ்சாதி. பெரிய விஞ்ஞானி நான், ஆணுக்கு ஒரு பேர், பெண்ணுக்கு ஒரு பேர் வெச்சு ரெண்டையும் தனித்தனியா அச்சுல போட்டிருக்கேன். முதல்ல வெச்சது யார் பேரு? குறட்டை பேரு. பின்னாடி வந்தது போயிடும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. ஆம்பளைக் குளவி முட்டாள், எது மேல வேணாலும் ஏறும், இதெல்லாம் சாட்சி ஆகாதுன்னேன். சோத்தைப் பெசைஞ்சுகிட்டே சொன்னேன். அவ என்னைப் பாத்தா. அந்தப் பன்னெண்டு முள்ளுப் பார்வைதான். ரெக்கை நரம்பும் ஒண்ணுதாங்க, நான் ரெண்டையும் வரைஞ்சவளாச்சேன்னா. வரையறதோட நிறுத்திக்கோன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அதுவரைக்கும் சொன்னதில்ல, அதுக்கப்புறமும் சொன்னதில்ல, ஆனா சொன்னேன்.

அவ கோவிச்சுக்கல. ரெண்டையும் ஒரே அட்டையில, பக்கத்துல பக்கத்துல குத்தினா. லேபிள் எழுதினா. ஒரு சின்ன மரப்பெட்டியில வெச்சு இந்த பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. எழுதத் தயாரானதும் கேளுங்க, தர்றேன்னா. கேக்கறேன் கேக்கறேன்னு ஆறு வருஷம் ஓட்டினேன். ஒரு நாள் மட்டும் வாய் விட்டுச் சொன்னேன், எழுதினா உன் பேரு போயிடும்டி, அந்தத் தூங்குமூஞ்சி பேருதான் நிக்கும்னு. அவ சிரிச்சா. பேரு போனாப் போகட்டுமே, நான்தான் இருக்கேனேன்னா.

அப்ப இருந்தா.

அதுக்குத்தான் தம்பி மண்ணு. திறந்தாப் பாக்கணும். பாத்தா எழுதணும். எழுதினா வாசல்ல இருக்கற ஆறடிப் போர்டுல அவ பேரை அழிச்சுட்டுக் குறட்டை பேரை எழுதணும். எழுதாம இருந்தா நான் நாப்பத்தியொரு வருஷம் பாத்தது வேலையே இல்ல, அவ எண்ணினது எண்ணிக்கையே இல்ல. திறக்காம இருந்தா ரெண்டும் வேண்டாமில்ல, அப்படின்னு ஒரு கணக்கு. ஆனா நீங்க டிரில்லைப் போட்டா ரெண்டுக்கும் மீசை போயிடும். அவ குத்தினதை ஒடைய விட முடியாது. எழுதிடறேன். எழுதறது கஷ்டம் இல்ல, ஒரு பக்கம்தான் வரும்.

அந்த மண்ணை மட்டும் சுரண்டிடுங்க. சாவி போகும், பூட்டு நல்ல பூட்டுதான். ரெண்டாவது தட்டு, துணிக்குப் பின்னாடி, வலது ஓரம். பெட்டியைச் சாய்க்காதீங்க. மூடியைத் திறந்து, லேபிள்ல மூணாவது வரியை மட்டும் நீங்க படிங்க. என்கிட்ட கண்ணாடி இருக்கு, எனக்குப் படிக்கவும் தெரியும், இருந்தாலும் நீங்க படிங்க. அன்னிக்கு அவ என்ன எழுதினான்னு நான் பாக்கல. பூச்சிக்கு வெச்ச பேருதான் போகும், பிடிச்ச ஆள் பேரை எவனும் கழட்ட முடியாது. ஆனா அவ எப்பவும் என் பேரைத்தான் எழுதுவா.

ரெண்டெழுத்தா இருந்தா ஒண்ணும் சொல்ல வேண்டாம், பெட்டியை மூடி என்கிட்ட குடுத்துடுங்க. நீளமா இருந்தா மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிங்க தம்பி.